சபைல நடந்த 8 வார சீஷத்துவ (இயேசுவ பின்பற்றி வாழ பழகற) கோர்ஸ், என் அனுபவம் (5க்கு 4)

போன வாரம்தான் முடிஞ்சுது, சூடு ஆறதுக்குள்ள எழுதிடறேன். கோர்ஸ் அமைப்பு ரொம்ப சிம்பிள், வாரம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்ல 12 பேர் கூடுவோம், முதல்ல சாப்பாடு, அப்புறம் வேத வாசிப்பு, பேச்சு, ஜெபம். ஃபீஸ் கிடையாது, ஆளுக்கு ஒன்னு சமைச்சு கொண்டு வரணும். மொத்த கோர்ஸுக்கும் ஒரே தலைப்பு, அழைப்பு, அதாவது கடவுள் நம்மள எதுக்கு கூப்பிடறார்ங்கறது.

சாப்பாடு சும்மா ஆள் சேக்கறதுக்கு, விஷயமெல்லாம் அதுக்கப்புறம்தான்னு நெனச்சுட்டு போனேன். முதல் வாரமே அந்த நெனப்பு போயிடுச்சு. 1 இராஜாக்கள் 19 வாசிச்சோம், 12 ஏர் பூட்டி உழுதுட்டு இருந்த எலிசா மேல தீர்க்கதரிசி எலியா தன் சால்வைய போடறார், என் பின்னால வானு கூப்பிடற அடையாளம் அது, எலிசா என்ன பண்றார்னா ஒரு ஜோடி மாட்ட அடிச்சு, அந்த ஏர் மரத்தையே விறகாக்கி சமைச்சு, ஜனங்களுக்கு சாப்பாடு போட்டுட்டுதான் கெளம்பறார். எத்தனையோ தடவ வாசிச்ச பகுதி, அந்த விருந்து மட்டும் என் கண்ல பட்டதே இல்ல. ஏரும் போச்சு மாடும் போச்சு, இனி திரும்பி வந்து உழ முடியாது, அதுக்கு சாட்சி அந்த சாப்பாட்ட சாப்பிட்ட அத்தன பேரும். லூக்கா 5ல லேவியும் அப்படித்தான். ஆயத்துறைல (வரி வசூலிக்கற இடம்) இருந்தவர் எல்லாத்தையும் விட்டுட்டு எழுந்து இயேசு பின்னால போனார்னு ஒரு வசனம், அடுத்த வசனத்துலயே அவர் வீட்ல பெரிய விருந்து, பந்தில ஒரு கூட்டம் ஆயக்காரங்க, வரி வசூலிக்கறவங்க. வேலையத்தான் விட்டார், கூட இருந்த ஆளுங்கள விடல, இத சொன்னது எங்க குரூப்ல இருந்த ஒரு அக்கா, எனக்கு இன்னும் அதுதான் ஓடிட்டே இருக்கு.

மூணாவது வாரம் நடந்தத சொல்லணும். ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற ஒரு அண்ணன் எப்பவும் முக்கா மணி நேரம் லேட், அவர் வரும்போது பாத்திரமெல்லாம் காலி, பரவால்ல நான் சாப்பிட்டுட்டுதான் வந்தேன்னு சொல்லுவார், நாங்களும் நம்பிட்டோம். அன்னிக்கு பகுதி 1 கொரிந்தியர் 11. ஒருத்தன் பசியா இருக்கான் ஒருத்தன் குடிச்சு வெறிச்சிருக்கான்னு, கொரிந்து சபைக்கு எழுதின லெட்டர்ல அப்போஸ்தலன் பவுல் கோவப்படற இடம். அந்த சபைல வசதியானவங்க முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுடுவாங்க, வேலை முடிச்சு வர்ற ஏழைங்களுக்கு ஒன்னும் மிஞ்சாதுனு வேத அறிஞர்கள் நிறைய பேர் விளக்கறாங்க. அதுக்கு பவுல் சொல்ற தீர்வ அந்த அண்ணன்தான் அன்னிக்கு சத்தமா வாசிச்சார், "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". ரூம்ல யாரும் பேசல. அடுத்த வாரத்துல இருந்து அவர் வந்து கை கழுவற வரைக்கும் பாத்திர மூடிய யாரும் திறக்கல, பசிச்ச குழந்தைங்களுக்கு மட்டும் முன்னாடி குடுத்துடுவோம். இராப்போஜனத்த, அதாவது இயேசுவோட சரீரம்னு அப்பம் பிட்டு சாப்பிடற திருவிருந்த பத்தி எவ்ளோ பிரசங்கம் கேட்ருப்பேன், அந்த சரீரம்னா சபையா கூடற நாங்களும்தான்னு அந்த காத்திருப்புலதான் எனக்கு உறைச்சுது.

இப்ப குறை. 5ம் வாரமும் 6ம் வாரமும் சுத்தமா சரியில்ல. வீடியோ நீளம்னு சாப்பாட்ட 15 நிமிஷத்துல முடிக்க சொன்னாங்க, அப்புறம் ஆளுக்கொரு ஃபார்ம், உங்க வரம் (கடவுள் குடுத்த திறமை) என்னனு டிக் அடிக்கணும், கடைசில மார்க் கூட்டி பாத்தா ஊழியத்துக்கு போகலாமா வேணாமானு வருது. அழைப்புனா முழு நேர ஊழியம்னு சுருக்கிட்டாங்க. அப்போஸ்தலர் 6ல பந்தி விசாரிக்க தேர்ந்தெடுத்த 7 பேருக்கும் ஜெபம் பண்ணி கை வச்சாங்களே, விதவைங்களுக்கு சாப்பாடு ஒழுங்கா போய் சேரணும்னுதானே அது, அத ஒரு வார்த்தையாவது சொல்லிருக்கலாம். இன்னொன்னு, கலாத்தியர் 2 பாடத்திட்டத்துலயே இல்ல. அந்தியோகியால புறஜாதியார் (யூதர் அல்லாதவங்க) கூட சாப்பிட்டுட்டு இருந்த இயேசுவோட சீஷன் பேதுரு, எருசலேம் சபை தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து ஆளுங்க வந்ததும் பயந்து தள்ளி உக்காந்துட்டார், பவுல் எல்லார் முன்னாடியும் நேருக்கு நேரா கேட்டார். யார் கூட உக்காந்து சாப்பிட மாட்டோம்ங்கற கேள்வி இல்லாம பந்தில உக்காந்து 8 வாரம் அழைப்ப பத்தி பேசறது எனக்கு ஒப்பல. ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்காகத்தான்.

ஆனா 7ம் வாரத்துக்காகவே மறுபடி போவேன். யோவான் 21, கரையில கரிநெருப்பு, மேல மீன், பக்கத்துல அப்பம். யோவான் 18லயும் ஒரு கரிநெருப்பு இருக்கு, பேதுரு குளிர்காஞ்சுட்டே நான் இயேசுவோட சீஷன் இல்லனு சொன்ன இடம், இந்த ரெண்டு இடத்த தவிர புதிய ஏற்பாட்டுல அந்த கிரேக்க வார்த்தை வேற எங்கயும் வரல. மறுதலிச்ச அதே வாசனைக்கு பேதுருவ இயேசு கூட்டிட்டு வந்து, அத பத்தி கேள்வி எதுவும் கேக்கறதுக்கு முன்னாடி "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"ங்கறார். சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் என்ன நேசிக்கிறாயானு 3 தடவ, ஆடுகள மேய்னு பொறுப்பு. முதல்ல பசி ஆறணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. இத வாசிக்கும்போது என்னால நிமிந்து பாக்க முடியல, ஒரு பெரிய தப்புக்கப்புறம் ரெண்டு வருஷம் திருவிருந்து எடுக்காம பின் பெஞ்சுலயே உக்காந்திருந்தவன் நான்.

சேரலாமானு கேட்டா தாராளமா சேருங்க, ஆனா நடத்தறவங்ககிட்ட வீடியோவ வீட்ல பாத்துட்டு வர்றோம், சாப்பாட்டு நேரத்துல கை வைக்காதீங்கனு முதல் நாளே சொல்லிடுங்க. குழு 12க்கு மேல போனா ரெண்டா பிரிக்க சொல்லுங்க, ஒரே பேச்சு எல்லார் காதுலயும் விழணும். எங்க குழு கோர்ஸ் முடிஞ்சும் கலையல, வர்ற வாரம் அந்த ஷிஃப்ட் அண்ணன் வீட்ல, கூட வேல பாக்கறவங்க நாலு பேர கூப்பிட்ருக்காராம், அவங்க வர எவ்ளோ நேரமானாலும் காத்திருக்கணும்னு இப்பவே மெசேஜ் போட்டுட்டார்.