பட்டி பூசி, பெயின்ட் அடித்து, காதில் பூ சுற்றினார்கள்: ஸ்னோமொபைல் ஃபிரேம் வேலைக்குக் கொடுப்பவர்களுக்கு

பனியில் ஓட்டுகிற வண்டியான ஸ்னோமொபைலின் ஃபிரேமில் விரிசல் விட்டு, அதைச் சரிபண்ணக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை. அங்கே என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும், எங்கே போனாலும் உதவும்.

சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் அலுமினியக் கூடு இருக்கிறதே, டனல் என்பார்கள், அதில்தான் விரிசல். பின் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் முன்பக்க போல்ட் ஓட்டையில் ஆரம்பித்து ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. போல்ட் லூஸாகக் கிடந்ததைக் கவனிக்காமல் ஓட்டியது என் தப்புதான், மறுக்கவில்லை.

பட்டறைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெல்டிங் பண்ணி மேலே பிளேட் வைத்தால் புதுசை விட உறுதியாக இருக்கும் என்றார். வேலை நடக்கும்போது வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். எதற்கு வீண் அலைச்சல், பெயின்ட் அடித்ததும் கூப்பிடுகிறேன் என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

வண்டி கறுகறுவென்று வந்தது. மூன்றாவது ஓட்டத்திலேயே ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ரப்பர் பட்டை, டிராக் என்பார்கள், அது எங்கோ உரசி ரப்பர் வாடை. கூடவே இனிப்பாக ஒரு வாடை, அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கூலன்ட், கசிகிற வாடை.

வீட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுப் பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் கீறினேன், பெயின்ட் சுருண்டுகொண்டு வந்தது. அடியில் பட்டி! காரில் டிங்கரிங் முடித்துப் பூசுவார்களே, அதே பட்டி. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அதற்கும் கீழே வெல்டிங், வண்டு அரித்த மரம் மாதிரி பொத்தல் பொத்தலாக. பழைய விரிசல் அதையும் தாண்டி இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. பிளேட்டில் காந்தத்தை வைத்தேன், பச்சக்கென்று ஒட்டியது. அலுமினியத்தின் மேல் இரும்பு. ஈரமும் உப்பும் பட்டால் இந்த இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம்தான் அரித்துப்போகும். ஓரத்தில் அதற்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது இதைப் பார்த்தல்ல. டனலின் உள்பக்கம் கூலன்ட் ஓடும் கூலர் இருக்கிறது. ஒரு ரிவெட்டுக்கு ஓட்டை போட்டபோது டிரில் அதன் ஓரத்தைத் துளைத்திருக்கிறது. தெரிந்தேதான், மேலே சிலிக்கோன் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள். போய்க் கேட்டால், மேட்டில் குதித்தீர்களா, குதித்திருந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்.

இரண்டாவதாக வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிய வேறொரு பட்டறைக்காரர், வெல்டிங் ஏன் இப்படி ஆனது என்று விளக்கினார். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேலே படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைத் தேய்த்தெடுக்காமல் பற்றவைத்தால் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டாது. நல்லபடியாகச் செய்தாலும் சூடு பட்ட இடம் இளகிவிடும். 6061-டி6 என்ற அலுமினிய ரகத்தின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல், வெல்டிங் ஆன இடத்துக்கு 165 என்றுதான் கணக்கு வைப்பார்களாம். ‘புதுசை விட உறுதி’ என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வெல்டிங் பக்கமே போகவில்லை. சீட், பெட்ரோல் டேங்க், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கழற்றினார். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்ததும் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பியது. கண்ணுக்குத் தெரிந்ததை விட அரை விரல் அதிக நீளம். அதன் நுனிகளில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. பிறகு அதே ரக அலுமினியத்தில் மூலைகளை உருட்டி வெட்டிய பிளேட். தடித்த பிளேட்டாகப் போடலாமே என்றேன். அப்படிப் போட்டால் அசைகிற பாரமெல்லாம் பிளேட்டின் ஓரத்தில் போய் விழும், அடுத்த விரிசல் அங்கே ஆரம்பிக்கும் என்றார். ரிவெட்டும் சாதாரண பாப் ரிவெட் இல்லை. அதில் நடு ஊசி கழன்று விழுந்தால் வெறும் குழாய்தான் மிஞ்சும். இவர் போட்டது ஊசி உள்ளேயே பூட்டிக்கொள்ளும் ஸ்ட்ரக்சுரல் ரிவெட், 4.8 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் பிளேட் ஓரத்திலிருந்து குறைந்தது தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி.

யாராவது வெல்டிங்தான் வேண்டும் என்றால், பேட்டரியையும் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பிளக்கையும் கழற்றுவீர்களா, கூலன்ட்டை வடிப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். முழித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே, வந்து பாருங்கள் என்று அவரே கூப்பிட்டார். போய் டார்ச் அடித்து ஒவ்வொரு ரிவெட்டாக எண்ணினேன். என்ன கலர் அடிக்கட்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.