பச்சை மூடி வேண்டாம்

தன் அம்மாவை அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாமா என்று தோழி ஒருத்தி நேற்றுக் கேட்டாள். ஆறு வருடங்களாகத் தம்பியை அங்கேதான் அழைத்துப் போகிறேன். இருதுருவ மனநோய், இரவில் லித்தியம் மாத்திரை. ஆனாலும் அவளுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

லித்தியம் சாப்பிடுகிறவர்களின் வீட்டில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ரத்தத்தில் அதன் அளவு 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் மருந்தே நஞ்சு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

போன வருடம் ஒருநாள் 2.3 என்று முடிவு வந்தது. உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். தம்பியோ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு ஒன்றும் இல்லையே அக்கா" என்றான். ஆட்டோவில் போகும்போது அவன் கையை நான் விடவே இல்லை.

மருத்துவர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. குதிகாலோடு விரல் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், தள்ளாட்டம் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா என்று விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரத்தம் எடுத்த குழாயின் மூடி என்ன நிறம்?" என்றார்.

பச்சை. ரத்தம் உறையாமல் இருக்க அந்தக் குழாய்க்குள் பூசியிருந்தது லித்தியம் ஹெப்பாரின். அளந்தது குழாயில் இருந்த லித்தியத்தையும் சேர்த்துத்தான். சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுத்தார்கள்: 0.7.

அந்த எண்ணை நம்பி வேறு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால்? மருந்தைத் திடீரென்று விட்ட ஒரு முறை, மூன்று இரவு தூங்காமல் வீட்டுச் சாமான்களைத் தெருவில் கொண்டுபோய் அடுக்கியவன் அவன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் இதே போராட்டம். ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் புது ஆள். "பச்சை வேண்டாம்" என்றால், "எங்களுக்குத் தெரியாதா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறார், படிப்பார் இல்லை. கடந்த திங்களன்றும் பச்சை மூடிதான் வந்தது. இந்த முறை தம்பியே கையை இழுத்துக்கொண்டான். சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட இவர்களுக்கு ஒரு வருடம் போதவில்லையா?

அந்த மருத்துவரைப்போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. என்னிடம் அல்ல, அவனிடம் பேசுவார். ஒரு முறை நாங்கள் தேதி தவறியபோது செவிலியர் வீட்டுக்கே போன் செய்து விசாரித்தார்.

இருந்தும் தோழியிடம் "அங்கே வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அவள் அம்மாவுக்கு லித்தியமே தேவைப்படாமல் போகலாம், தெரியும். இரவில் நிலைமை கைமீறினால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழை, 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்றும் சொன்னேன்.

எங்களுக்கு அடுத்த மாதம் முறை வருகிறது. போகத்தான் போகிறோம்.