செந்நீலப் பூக்களின் நிறமி ஆய்வு: செல்லுலோஸ் தகடு, சி18 குழல், எல்சி-எம்எஸ் சேவை எதை எவ்வளவு நம்பலாம்?

செந்நீலப் பூ ஒன்றின் நிறமிக்கு வேதிக் கட்டமைப்பு எழுத நான்கு விடைகள் வேண்டும். அடிப்படை வளையமான அக்ளைகோன் எது, அதில் ஏறியிருக்கும் சர்க்கரை எது, அது எந்தக் கார்பனில் இணைந்திருக்கிறது, சர்க்கரையின் மேல் அமிலக் குழு ஏதும் உண்டா. இந்த வேலைக்கு முக்கியமாக வாங்க வேண்டியவை நிறமிகளைப் பிரித்துக் காட்டும் செல்லுலோஸ் பூசிய டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தகடு, சாற்றைச் சுத்தம் செய்யும் சி18 குழல், கட்டணத்துக்குச் செய்து தரும் எல்சி-எம்எஸ் (திரவ நிறப்பிரிகையில் பிரித்து நிறையை அளக்கும்) சேவை ஆகிய மூன்றும். மூன்றில் தகடுதான் சொன்னதைச் செய்கிறது. சேவையில்தான் கவனமாக இருக்க வேண்டும். கருவி மோசம் என்பதால் அல்ல, கருவி காட்டாததையும் அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள் என்பதால்.

எதையும் வாங்குமுன் கையிலிருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி வகைதானா என்று பார்த்துவிட வேண்டும். காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை எல்லாம் கண்ணுக்குச் செந்நீலம்தான், ஆனால் அவற்றில் இருப்பது பீட்டாலைன் என்ற வேறு வகை. ஒரே செடியில் இரண்டு வகையும் சேர்ந்து இருந்ததாக இதுவரை கண்டதில்லை. சோதனை எளிது. சாற்றில் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால் ஆந்தோசயனின் சிவப்பாகவே நிற்கும், பீட்டாலைனின் செந்நீல வகையான பீட்டாசயனின் வெளிறிப்போகும். இன்னொரு சொட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் முன்னது நீலப் பச்சைக்கும் பின்னது மஞ்சளுக்கும் போகும். கீழே சொல்வதெல்லாம் ஆந்தோசயனினுக்கு மட்டும்.

முதலில் தகடு. சிலிக்கா வேண்டாம், செல்லுலோஸ்தான் வேண்டும். அதிலும் அலுமினியத்தில் பூசியது இந்த வேலைக்கு ஆகாது. ஓட்டும் கரைப்பான் அசெட்டிக் அமிலம் 30, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3, நீர் 10 என்ற ஃபாரஸ்டல் கலவை. இந்த அமிலம் வெட்டிய விளிம்பு வழியாக ஏறி உலோகத்தை அரிக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பிவிடும். கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ பூசிய தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தகட்டில் வைப்பது நேரடிச் சாறு அல்ல, நீராற்பகுத்த, அதாவது அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரையைக் கழற்றிய அக்ளைகோன். சுத்தம் செய்த நிறமியை 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 40 நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறியதும் எத்தில் அசெட்டேட்டால் இருமுறை கழுவினால் மஞ்சள் ஃபிளேவோன்கள் போய்விடும். எஞ்சிய எத்தில் அசெட்டேட்டைச் சூடாக்கி ஓட்டிவிட்டு, சில சொட்டு ஐசோஅமைல் ஆல்கஹால் விட்டுக் குலுக்கினால் சிவப்பு முழுக்க மேலடுக்குக்கு ஏறும். அதை எடுத்து உலர்த்தி, அமிலம் கலந்த மெத்தனால் இரண்டு சொட்டில் கரைத்துப் புள்ளி வைக்கலாம்.

பலர் தவறுவது இங்கேதான். இதழை அப்படியே அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இதழில் நிறமற்ற புரோஆந்தோசயனிடின் இருந்தால், கொதிக்கும் அமிலத்தில் அதுவும் ஆந்தோசயனின் அக்ளைகோன்களான சயனிடினாகவோ டெல்ஃபினிடினாகவோ மாறிவிடும். தகட்டில் அழகான புள்ளி தெரியும், ஆனால் அது பூவின் நிறமி அல்ல. அதே செடியின் வெள்ளைப் பூ வகையோ பச்சை இலையோ கிடைத்தால் அதையும் பக்கத்தில் கொதிக்கவைத்துப் பாருங்கள். அங்கும் சிவப்பு வந்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஃபாரஸ்டலில் தாளில் அளந்த ஆர்எஃப் மதிப்புகள், அதாவது கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு, நூறில் இப்படி வரும்: டெல்ஃபினிடின் 32, பெட்டூனிடின் 46, சயனிடின் 49, மால்விடின் 60, பியோனிடின் 63, பெலார்கோனிடின் 68. பெட்டூனிடினுக்கும் சயனிடினுக்கும் இடைவெளி மூன்றே. மால்விடினுக்கும் பியோனிடினுக்கும் அப்படியே. எண்ணை மட்டும் நம்பி எழுதினால் தவறு நிச்சயம். தகட்டுக்குத் தகடு, வெப்பநிலைக்கு வெப்பநிலை மதிப்பு நகரும். ஆகவே தெரிந்த மாதிரிகளை அதே தகட்டில் ஓட்ட வேண்டும். தூய மாதிரிகள் கைவசம் இல்லையென்றால் கறுப்புத் திராட்சைத் தோலை நீராற்பகுத்தால் போதும், மால்விடின் முன்னிற்க டெல்ஃபினிடின், பெட்டூனிடின், பியோனிடின், சயனிடின் எல்லாம் வரும். ஆறாவதான பெலார்கோனிடினுக்கு ஸ்ட்ராபெரி. இந்த இரண்டையும் இரு ஓரத்தில் வைத்து, நடுவில் பூவின் புள்ளியை வைத்து ஓட்டினால் தகடு தானே பேசும்.

குழப்பத்தைக் குறைக்க உச்ச உறிஞ்சலும் அலுமினியம் குளோரைடும் சேர்ந்து உதவும். அமில மெத்தனாலில் உச்ச உறிஞ்சலின் அலைநீளத்தை அளந்து, மெத்தனாலில் கரைத்த 5% அலுமினியம் குளோரைடை மூன்று சொட்டு விடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள சயனிடின், டெல்ஃபினிடின், பெட்டூனிடினில் உச்சம் சிவப்புப் பக்கம் நகரும். மற்ற மூன்றிலும் நகராது. நகராதவற்றில் மால்விடின் 542 நானோமீட்டர் அருகிலும் பியோனிடின் 532 அருகிலும் நிற்பதால், தகட்டில் ஒட்டிக்கொண்ட அந்த ஜோடி பிரிந்துவிடும்.

தகட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நித்யகல்யாணியில் ரோசினிடின், ஹிர்சுடிடின் போன்ற, ஏழாம் கார்பனிலும் மெத்தில் ஏறிய அக்ளைகோன்கள் உண்டு. வழக்கமான ஆறு மாதிரிகளோடு அவை பொருந்தாது. எதற்கும் சரியாக ஒட்டாத புள்ளியை இழுத்துப் பிடித்து ஆறில் ஒன்றாக்காதீர்கள்.

சி18 குழல் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 500 மில்லிகிராம் படுக்கை உள்ள குழல் ஓரிரு கிராம் இதழுக்குத் தாராளம். மெத்தனால் 5 மில்லி, பிறகு 0.01% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீர் 10 மில்லி விட்டுத் தயார்செய்து, சாற்றை ஏற்றி, அமில நீரால் கழுவினால் சர்க்கரையும் கரிம அமிலங்களும் போகும். படுக்கையைக் காற்றில் உலர்த்தி எத்தில் அசெட்டேட் விட்டால் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோனால்கள் பெரும்பாலும் வெளியேறும். கடைசியில் அமில மெத்தனாலில் நிறமி சிவப்பு வளையமாக இறங்கும். ஏற்றும்போதே கீழே நிறம் ஒழுகினால் குழலைக் குறை சொல்ல வேண்டாம், சாற்றில் மெத்தனால் மிச்சமிருக்கிறது என்று பொருள். 35 டிகிரிக்கு மேல் போகாமல் சுழலாவியாக்கியில் முழுக்க ஓட்டிய பிறகே ஏற்ற வேண்டும்.

சாறெடுக்கும்போதே ஒரு கவனம் தேவை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் இரவெல்லாம் ஊறவைத்தால் சர்க்கரையின் மேல் ஏறிய அமிலக் குழுக்களில் ஒன்றான மாலோனைல் கழன்றுவிடும் அல்லது மெத்தில் எஸ்டராகிவிடும். பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. மெத்தனால் 10, அசெட்டிக் அமிலம் 1, நீர் 9 என்ற கலவையில், குளிரில், இருட்டில் ஊறவையுங்கள். எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்புவது இந்தச் சாறாகவே இருக்கட்டும்.

இனி அந்தச் சேவை. நேர்மின் அயனிகளை அளக்கும் முறையில் அக்ளைகோன் அயனிகளின் நிறை எண் பெலார்கோனிடினுக்கு 271, சயனிடினுக்கு 287, பியோனிடினுக்கு 301, டெல்ஃபினிடினுக்கு 303, பெட்டூனிடினுக்கு 317, மால்விடினுக்கு 331. ஹெக்சோஸ் கழன்றால் 162, ராம்னோஸ் 146, பென்டோஸ் 132, மாலோனைல் 86 குறையும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அறிக்கையில் 449 என்ற எண்ணுக்கு நேரே 'சயனிடின் 3-குளுக்கோசைடு' என்று வந்தால் உடனே ஏற்காதீர்கள். சயனிடினோடு ஹெக்சோஸ் 449. பெட்டூனிடினோடு பென்டோஸ் 449. டெல்ஃபினிடினோடு ராம்னோஸும் 449. மூன்றுக்கும் வாய்பாடு ஒன்றே என்பதால் உயர்துல்லியக் கருவியும் பிரிக்காது. உடைத்தபின் மிஞ்சுவது 287ஆ, 317ஆ, 303ஆ என்பதே விடை. சயனிடின் என்று உறுதியானாலும் குளுக்கோஸா கேலக்டோஸா என்பதை நிறை சொல்லாது. எல்சி கருவியில் பிரிக்கும் சி18 குழாயில் கேலக்டோசைடு சற்று முன்னால் வரும், அதற்கும் உண்மையான மாதிரி பக்கத்தில் ஓட வேண்டும்.

இதைவிட மோசமான குழப்பம் ஃபிளேவோனால்களோடு. குவெர்செட்டின் புரோட்டான் ஏற்றதும் 303, டெல்ஃபினிடின் அயனியும் 303, வாய்பாடும் ஒன்றே. கேம்ப்ஃபெரோலும் சயனிடினும் 287இல் அப்படியே ஒன்றிப்போகும். வெறும் நிறைப் பட்டியலைப் பார்த்து டெல்ஃபினிடின் என்று எழுதினால் அது மஞ்சள் குவெர்செட்டினாகவும் இருக்கலாம். 520 நானோமீட்டர் தடமும், ஒவ்வொரு உச்சத்தின் முழு நிறமாலையும் இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள். இந்த நிறமாலையைப் பதியும் டையோடு அணி உணர்கருவி இணைக்காத சேவை இந்த வேலைக்குப் பயன்படாது.

அந்த நிறமாலையே பாதிக் கட்டமைப்பைச் சொல்லிவிடும். 440 நானோமீட்டரில் உள்ள உறிஞ்சலை உச்சத்தில் உள்ள உறிஞ்சலால் வகுத்தால், மூன்றாம் கார்பனில் மட்டும் குளுக்கோஸ் உள்ள 3-குளுக்கோசைடில் வரும் மதிப்பில் ஏறக்குறைய பாதிதான் ஐந்தாம் கார்பனிலும் குளுக்கோஸ் உள்ள 3,5-டைகுளுக்கோசைடில் வரும். 310 முதல் 335 வரை தனித் திமில் தெரிந்தால் கூமாரிக், கஃபெயிக் போன்ற அரோமாட்டிக் அமிலம் ஏறியிருக்கிறது. கூமரோயிலும் ராம்னோஸும் 146, கஃபியோயிலும் ஹெக்சோஸும் 162 என்று முழு எண்ணில் ஒன்றிப்போவதால் இந்தத் திமிலைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. மாதிரி அனுப்பும்போதே நகர்கரைப்பானில் ஃபார்மிக் அமிலம் எவ்வளவு என்று கேளுங்கள். 0.1 சதவீதத்தில் உச்சங்கள் அகன்று படுத்துவிடும். திராட்சை ஆந்தோசயனின் பகுப்பாய்வில் 10 சதவீதம் வரை வைப்பது இதனால்தான்.

சர்க்கரை எந்தக் கார்பனில், அமிலக் குழு (அசைல்) சர்க்கரையின் எந்த இடத்தில் என்பதை எல்சி-எம்எஸ் உறுதியாகச் சொல்லாது. அதற்கு என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேண்டும். சில மில்லிகிராம் தூய நிறமியை, டியூட்டீரியம் ஏற்றிய மெத்தனால் 9 பங்கு, டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம் 1 பங்கு என்ற கலவையில் கரைப்பது வழக்கம். நான்காம் கார்பனின் புரோட்டான் 9 பிபிஎம் அருகே தனியாக நிற்கும். சர்க்கரையின் முதல் கார்பனில் உள்ள அனோமெரிக் புரோட்டான் 7 முதல் 8 ஹெர்ட்ஸ் பிளவு காட்டினால் பீட்டா குளுக்கோஸ் என்று கொள்ளலாம், புரோட்டானுக்கும் சற்றுத் தள்ளியுள்ள கார்பனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எச்எம்பிசி அளவீட்டில் அது மூன்றாம் கார்பனைத் தொட்டால் இணைப்பு அங்கேதான். இந்தக் கரைப்பானில் ஆறாம், எட்டாம் கார்பனின் புரோட்டான்கள் டியூட்டீரியத்தோடு மெல்ல இடம் மாறி மங்கிப்போகும். அவை இல்லை என்று அறிக்கை வந்தால் மாதிரியைக் கரைத்த நாளையும் அளந்த நாளையும் கேளுங்கள், கரைத்த அன்றே அளந்து தருவதாக முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.