வீட்டில் டேட்டா என்ட்ரி, டவுனில் ஆபீஸ், கடைக் கணக்கு: யாங்கோனில் எது கட்டுபடியாகும்?

மியான்மரில் யாங்கோனை ஒட்டிய தன்லின்னில் இருக்கும் என் சின்னம்மா மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி பண்ணட்டுமா, இல்லை டவுனில் ஆபீஸ் வேலைக்கே போகட்டுமா?" இரண்டையும் செய்து பார்த்தவள் நான். டவுனில் மூன்று வருஷம், வீட்டில் இரண்டு வருஷம். இப்போது பருப்புக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு ஏற்றுகிறேன். அன்றைக்கு நெட் விட்டு விட்டு வந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

சம்பளத்தைப் பார்க்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். கரண்ட் போய், நெட் போய், பில் வந்து சேராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நேரம் யார் கணக்கு? ஆபீஸில் முதலாளி கணக்கு. வீட்டில் நம் கணக்கு. நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

வீட்டில் எனக்குக் கிடைத்தது, அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் 25 கியாட் (நம் ஊர்ப் பணம்). மணிக்கு 60 வரி அடிப்பேன் என்பதால் மணிக்கு 1,500, எட்டு மணி நேரத்துக்கு 12,000 என்று மனக்கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். நடந்தது வேறு. பகலில் ஆறு மணி நேரம் கரண்ட் இருந்தாலே நல்ல நாள். அதில் ஒன்றரை மணி நேரம் திருப்பி அனுப்பிய வரிகளைத் திருத்துவதில் போய்விடும், அதற்குக் காசு கிடையாது. மிச்சம் நாலரை மணி நேரம், 270 வரி, 6,750 கியாட். பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கு 2018-இல் எட்டு மணி நேரத்துக்கு 4,800 கியாட் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தார்கள். 2023-இலும் 2024-இலும் ஆயிரம் ஆயிரமாகப் படி சேர்ந்து 6,800 ஆனது. காலை ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்து இரவு எட்டுக்கு எழுந்த நான் அதற்கும் 50 கியாட் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தேன். இதில் பேட்டரி செலவைச் சேர்க்கவே இல்லை.

மார்ச் முதல் மே வரை இன்னும் மோசம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரிய பங்கு அணைத் தண்ணீரிலிருந்து வருகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கும், அதே நேரத்தில் ஊரெல்லாம் ஃபேன் ஓடும். விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் மூன்று மணிக்கு எழுந்து உட்காருவேன். வீட்டு வேலை என்று முடிவு செய்தால் லேப்டாப்தான் வாங்க வேண்டும். டெஸ்க்டாப் வாங்கினால் கரண்ட் போகும்போது சேமிக்காத வரிகளும் சேர்ந்தே போகும்.

திருத்தம் ஏன் அவ்வளவு நேரம் தின்கிறது என்று பழகாதவர்களுக்குத் தெரியாது. பர்மிய எண்களில் பூஜ்யம் ஒரு வட்டம். பர்மிய 'வ' எழுத்தும் ஒரு வட்டம். ஏழும் 'ய' எழுத்து ஒன்றும் அப்படியே இரட்டைப் பிள்ளைகள். அடையாள அட்டை எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் 'வ' அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் தேடினால் அந்த ஆள் கிடைக்க மாட்டார். எனக்கு ஒருமுறை 400 வரி அப்படியே திரும்பி வந்தது. நாலு நாள் உட்கார்ந்து மாற்றினேன், ஒரு கியாட் வரவில்லை. பழைய ஃபைல்கள் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருந்தால் இன்னொரு தலைவலி. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தியதைத் திறந்தால் எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். அப்புறம் வெளிநாட்டுப் படிவம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பர்மியருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. மூன்று சொல் பெயரை எங்கே வெட்டுவது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், கடைசியில் தப்பு நம் தலையில்.

இதே பூஜ்யத் தப்பை ஆபீஸிலும் செய்தேன். பக்கத்து நாற்காலி அக்கா எட்டிப் பார்த்து, "அது வட்டம் இல்லை, எழுத்து" என்று முதல் நாளே பிடித்துவிட்டார். அடையாள எண் கட்டத்தில் எழுத்தைத் தேடிப் பிடிக்கும் ஃபார்முலாவையும் அவரே எழுதித் தந்தார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் முக்கால் பங்கு அந்த நாற்காலியிலிருந்து வந்தது. மாதச் சம்பளம் நிச்சயம், ஜெனரேட்டர் முதலாளியுடையது. அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு என் சம்பளத்தில் 2 சதவீதம் பிடித்தார்கள், முதலாளி 3 சதவீதம் கட்டினார். அந்தத் திட்டத்தின் அட்டை இருந்தால் மருத்துவம் உண்டு, பிள்ளைப்பேற்றுக்கு 14 வாரம் விடுப்பு உண்டு. வீட்டு வேலையில் இதைப் பற்றி யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

ஆனால் தன்லின்னிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் டவுனுக்கு வந்து போவது உடம்பை முறிக்கும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஈரத் துணியோடு ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கூடியபோது நான் வேலையை விட்டதும் அதனால்தான். வீட்டு வேலையில் மதியம் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்து, ஊசி போட்டுவிட்டு மறுபடி மேசைக்கு வர முடிந்தது. அதற்கு எந்த ஆபீஸும் ஈடில்லை என்று மனதாரச் சொல்கிறேன்.

சரி, கடைக் கணக்கு. பயின்னவுங் சந்தையில் உளுந்தும் துவரையும் வாங்கி விற்கும் ஒரு அண்ணன் கடை. பையன் சாயங்காலம் பில்களைப் போட்டோ எடுத்து அனுப்புவான், நான் மறுநாள் கரண்ட் வரும்போது ஏற்றுவேன். சில்லறை பில் எல்லாம் வீசையில் இருக்கும். ஒரு வீசை 1.63 கிலோ என்று மாற்றி எழுத வேண்டும். வீசை என்ற நம் தமிழ்ச் சொல் இங்கே இன்னும் தராசில் நிற்கிறது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். போன் நம்பர் கட்டத்தை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் 09-இல் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். வரிக்கூலி இல்லை, மாதத்துக்கு ஒரு தொகை. சந்தேகம் வந்தால் நேராக அண்ணனையே கேட்கலாம், நடுவில் ஆள் இல்லை. குறை என்னவென்றால் தொகை ஆபீஸ் சம்பளத்தில் பாதிதான், சமூகப் பாதுகாப்பு இல்லை, இரவு ஒன்பதுக்கும் போன் வரும். இரண்டாவது கடை ஒன்று சேர்ந்தால்தான் எனக்கு நிமிரும்.

போன் விளம்பரத்தில் வரும் வேலைகளை நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. டெபாசிட் கேட்டால் அது வேலை இல்லை. எல்லைப் பக்கம் வரச் சொன்னால் போகவே கூடாது. 2022-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்து, எல்லைக்கு இந்தப் பக்கம் மியான்மரில் உள்ள மியாவடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

தங்கைக்கு இருபத்திரண்டு வயது, வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாரும் இல்லை. அவள் முதலில் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும், ஒரு வருஷமாவது. வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்தால் வரிக்கூலிக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒத்துக்கொண்டே ஆக வேண்டுமென்றால் திருத்தத்துக்கும் கூலியைப் பேசி, அதை எழுத்தில் வாங்க வேண்டும். இந்த வாரம் முழுக்க அவள் தெருவில் கரண்ட் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு தாளில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வருகிறாள்.