செலினியக் குறையை மண்ணில் தீர்ப்பதா, உடலில் தீர்ப்பதா?

உடலுக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் தனிமமான செலினியம் மண்ணில் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் விளையும் தானியத்திலும் புல்லிலும் அது குறைவாகவே இருக்கிறது. அவற்றை உண்டு வாழும் கால்நடைக்கும் மனிதருக்கும் அதே குறை வந்து சேர்கிறது. உரத்தில் கலந்து மண்ணுக்கு ஊட்டுவது, மாத்திரையாகவோ உப்பிலோ மனிதருக்கு நேரே கொடுப்பது, தீவனத்தில் சேர்ப்பது என இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. தேர்வில் கவனம் மிகத் தேவை. ஏனெனில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 மைக்ரோகிராம் போதும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்ல, 255 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வரம்பு வகுத்தது. தேவைக்கும் தீங்குக்கும் இடையிலான வெளி அவ்வளவு குறுகியது.

மாத்திரைக்கு ஆதரவான சான்று சீனாவிலிருந்து வருகிறது. 1935இல் கேஷான் மாவட்டத்தில் கண்டறியப்பட்ட, செலினியக் குறையோடு தொடர்புடைய கேஷான் நோய் என்னும் இதயத்தசை நோய் குழந்தைகளையும் மகப்பேற்று வயதுப் பெண்களையும் அதிகம் தாக்கியது. வாரம் ஒருமுறை சோடியம் செலினைட் என்னும் செலினியச் சேர்ம மாத்திரை கொடுத்துப் பார்த்த 1974ஆம் ஆண்டுச் சோதனையில், மாத்திரை உண்ணாத குழந்தைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 13 பேருக்கு நோய் வர, உண்டவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்கே வந்தது. இந்த வேகத்தை வேறு எந்த வழியும் தராது. ஆனால் மாத்திரை ஒவ்வொரு வீட்டையும் தவறாமல் சென்றடைய வேண்டும். அதே மண்ணில் மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

பின்லாந்து மண்ணைத் தேர்ந்தெடுத்தது. 1984இல் முடிவெடுத்து, மறு ஆண்டு முதல் தானியப் பயிர்களுக்கான கூட்டு உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராமும், தீவனப் பயிர்களுக்கானதில் 6 மில்லிகிராமும் செலினியம் சேர்த்தது. மக்களின் அன்றாட உட்கொள்ளல் சில ஆண்டுகளிலேயே 40 மைக்ரோகிராமுக்கும் கீழிருந்து 100ஐத் தாண்டியது. இங்கே வேதியியல் வடிவமே வெற்றியைத் தீர்மானித்தது. அமில மண்ணில் செலினைட்டை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பற்றிக்கொள்ளும்; செலினியத்தின் மற்றொரு வடிவமான செலினேட்டோ வேர்வரை நகர்ந்து செல்லும் என்பதால் அதையே பயன்படுத்தினார்கள். பயிர் அதைச் செலினோமெத்தியோனின் என்னும் கரிமச் சேர்மமாக மாற்றித் தருகிறது.

இட்டதில் சிறு பங்கையே பயிர் எடுத்துக்கொள்கிறது, மீதி மண்ணில் கட்டுண்டு போகிறது என்பது இவ்வழியின் மேல் வைக்கப்படும் நியாயமான குறை. தாமிரச் சுத்திகரிப்பின் துணைப்பொருளாகக் கிடைக்கும் தனிமத்தை இப்படி இழப்பது எனக்கும் உறுத்துகிறது. எனினும் அந்த இழப்பே பாதுகாப்பாகவும் அமைகிறது: ஆண்டுதோறும் புதிதாக இட்டால்தான் பலன் நீடிக்கும் என்பதால், அளவு மிகும்போது குறைத்துவிட முடியும். 1990இல் எல்லா உரத்துக்கும் 6 மில்லிகிராம் என்று குறைத்தபோது பயிர்களில் செலினியம் இறங்கியது. 1998இல் அதை 10ஆக உயர்த்தினார்கள். உணவையும் இரத்தத்தையும் தொடர்ந்து அளந்துவந்ததால்தான் இத்திருத்தங்கள் சாத்தியமாயின.

தீவனத்தில் கலப்பது கன்றுகளையும் ஆட்டுக்குட்டிகளையும் முடமாக்கும், செலினியக் குறையால் வரும் வெண்தசை நோயைத் தடுக்கிறது. பால், முட்டை வழியே மனிதருக்கும் ஓரளவு சேர்கிறது. ஆனால் தானியத்தையே நம்பி வாழும் குடும்பத்துக்கும், மேய்ச்சலை மட்டுமே நம்பும் மந்தைக்கும் அது எட்டாது.

மண்ணில் செலினியம் ஒரே சீராகக் குறைந்திருக்கும் நாட்டில், அளந்து திருத்தும் அமைப்பும் இருந்தால், நான் உரத்தையே தேர்வேன். மனிதரையும் விலங்கையும் ஒருசேரக் காப்பது அது ஒன்றுதான். நிலவியல் திட்டுத்திட்டாக மாறும் இடத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். கேஷான் நோய் பரவிய அதே சீனாவில், ஹூபே மாகாணத்தின் என்ஷி பகுதியில், 1960களின் தொடக்கத்தில் செலினியம் மிகுந்த நிலக்கரிப் படிவங்களை ஒட்டிய ஊர்களில் மக்களின் முடியும் நகங்களும் உதிர்ந்தன. அத்தகைய நாட்டில் எல்லா வயலுக்கும் ஒரே உரத்தை அனுப்பாமல், மண்ணையும் தானியத்தையும் ஊர் ஊராக அளந்து, குறையுள்ள ஊர்களுக்கு மட்டும் செலினியம் கலந்த உப்பையோ மாத்திரையையோ கொடுப்பதே சரி.