வத்தளைப் பக்கமா, தெஹிவளைப் பக்கமா? கொழும்பை விட்டு வெளியே வீடு பார்ப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளட்டுக்குக் கொடுக்கிற வாடகைக்கு, நகரத்தின் வடக்கே களனி கங்கையைத் தாண்டினால் முற்றத்தோடு தனி வீடே எடுக்கலாம் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பேர்ச் கணக்கில் சொல்லும் காணி விலையும் வாடகையும் மட்டும்தான் இருக்கின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிள்ளையின் பள்ளிக்கூடம் களனி கங்கைக்கு எந்தப் பக்கம்? வேலை எந்தப் பக்கம்? இரண்டும் வீடு இருக்கிற பக்கமே என்றால் மலிவான காணி மலிவானதுதான். ஒன்று அக்கரையில் என்றால், மிச்சம் பிடித்த காசு நாள்தோறும் பாலத்தடியில் கரையும்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் யோசிப்பது இரண்டு திசைகளை. வடக்கே வத்தளை, ஹெந்தளை, மாபோலை, இன்னும் தள்ளிக் கந்தானை, ஜா-எல. தெற்கே தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை. மகரகம, கொட்டாவைப் பக்கம் மூன்றாவது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பாதை

கோட்டையிலிருந்து வத்தளையும் தெஹிவளையும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 10 கிலோமீற்றர். வரைபடத்தில்தான் அது சமம். காலை ஏழு மணிக்கு வடக்கிலிருந்து வரும் வாகனமெல்லாம் பேலியகொடைப் பாலங்களுக்கோ மட்டக்குளிப் பாலத்துக்கோ வந்து சேர்கிறது. ஹெந்தளை, எலக்கந்தைப் பக்கம் இருப்பவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வர மட்டக்குளி வழிதான் கிட்ட. பள்ளி நாளில் அந்தக் குறுக்குவழியும் நெடுவழிதான். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலமும் காரில் வரும் ஜா-எலக்காரருக்குப் பெரிய உபகாரம். பழைய நீர்கொழும்பு வீதியில் பஸ்ஸில் வரும் வத்தளைக்காரருக்கு அவ்வளவு இல்லை.

ரயிலில் வித்தியாசம் இன்னும் கூட. வத்தளை டவுனில் ஸ்டேஷன் கிடையாது. பிரதான பாதையில் ஹுணுப்பிட்டிக்கோ எந்தேரமுல்லைக்கோ ஓட்டோ பிடித்துப் போக வேண்டும். வீட்டுத் தரகர் ‘ஸ்டேஷன் பக்கத்தில்’ என்று சொன்னால் எந்த ஸ்டேஷன், நடையா ஓட்டோவா என்று கேளுங்கள். போக வர இரண்டு ஓட்டோ, மாதம் 22 நாள் என்றால் 44 ஓட்டோ. சீசன் டிக்கட்டின் மலிவு அதிலேயே போய்விடும். கந்தானை, ஜா-எலக்காரருக்கு ராகமையில் பிரியும் புத்தளம் பாதையில் சொந்த ஸ்டேஷன் இருக்கிறது. ஆகவே ரயிலை நம்பி வடக்கே போகிறவர்களுக்கு, தூரம் கூடினாலும் வத்தளையை விடக் கந்தானை தோதுப்படலாம்.

தெற்கில் கரையோரப் பாதை இரட்டைத் தண்டவாளம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று பள்ளிக்கூடமும் கந்தோரும் கோயிலும் இருக்கிற இடமெல்லாம் ரயில் நிற்கும். காலி வீதியில் 100, 101 பஸ்கள், அவசரத்துக்குத் தெஹிவளையிலிருந்து மெரின் டிரைவ். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கும். வடக்கில் பாலத்தில் ஒரு லொறி பழுதாகி நின்றால் இலகுவான மாற்றுவழி இல்லை. தெற்கின் குறை நெரிசல். பாணந்துறையிலிருந்து வரும் ரயில் தெஹிவளைக்கு வரும்போதே மிதிபலகை வரை ஆள் நிற்கும். கல்கிசையிலோ மொறட்டுவையிலோ புறப்படும் ரயிலாகப் பார்த்து நேரத்தைப் பொருத்திக்கொள்பவர்களுக்கே இருக்கை. கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் கடும் மழையிலும் தாமதம் நிச்சயம்.

ஊருக்குப் போகிற நாளில் மட்டும் வத்தளைக்காரர் சிரிக்கலாம். யாழ்ப்பாண பஸ்கள் வெள்ளவத்தையில் ஆள் ஏற்றி, நகர நெரிசலைக் கடந்து, நீர்கொழும்பு வீதியால் அவர்கள் வாசலுக்கே வரும்.

தண்ணீர்: வருவதும் போவதும்

வத்தளை, ஹெந்தளையின் பெரும்பகுதி தாழ்நிலம். ஒருபக்கம் களனி கங்கை, ஒருபக்கம் கடல், வடக்கே முத்துராஜவெல சதுப்பு, ஊடாக ஹமில்டன் கால்வாய். ஆற்று மட்டத்தைக் கொழும்பில் நாகலகம் வீதி அளவுகோலில் பார்ப்பார்கள். 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெரு வெள்ளம். ஆறு நிறைந்திருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் இறங்க இடமில்லாமல் பின்னுக்குத் தள்ளும். ஆறு கரையுடைக்காமலே ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்பது இதனால்தான். 2016 மே வெள்ளத்தில் களனி, கொலன்னாவை, கடுவளைப் பக்கங்கள் மூழ்கின. அப்படியான ஒரு வருடத்தில் இந்த ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று காணிக்காரரைக் கேட்காதீர்கள். மூலைக்கடையில் கேளுங்கள்.

கேட்காமலும் கண்டுபிடிக்கலாம். வெளிச்சுவரில் ஒரே உயரத்தில் உப்புப் பூத்த கோடு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ற், வழக்கத்தை விட மேலே ஏற்றிய பிளக் பொயின்ற், வாசலில் தேவைக்கு மிஞ்சிய படிகள் எல்லாம் தண்ணீர் வந்த வீட்டின் அடையாளம். அதைவிட முக்கியம் பக்கத்துக் காணி. அயலவர் 3 அடி மண் நிரப்பிக் கட்டினால் மழைத் தண்ணீர் இறங்குகிற பள்ளம் உங்கள் முற்றம். நீங்களும் நிரப்புவதென்றால் தாழ்நிலத்துக்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தேவை. வாங்கிய பிறகு கேட்கப் போகாமல், அனுமதிக் கடிதத்தை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தலையிடி மலசலக் குழி. கொழும்பு நகருக்குள் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. வெளியே வந்தால் பெரும்பாலும் குழிதான். குழியிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்ச மண் இல்லை. முதல் அறிகுறி கொமட்டில் குளுகுளு என்ற சத்தம், பிறகு தண்ணீர் மெதுவாக இறங்குவது, பிறகு குளியலறைத் தரைவாயால் மேலே வருவது. குழியை இறைக்கிற கலி பவுசர் லொறியைக் கூப்பிடலாம், ஆனால் 8 அடி ஒழுங்கைக்குள் பவுசர் வராது. பவுசர் குழாயின் நீளம் போதுமா என்பதையும் வீடு பார்க்கும்போதே அளந்துகொள்ளுங்கள். பிளாஸ்ரிக் தொட்டி புதைத்த வீடென்றால் ஈரமான காலத்தில் முழுதாக இறைக்க விடாதீர்கள். வெறுமையான தொட்டியை நிலத்தடி நீர் மேலே தள்ளி, இணைப்புக் குழாயை உடைத்துவிடும்.

தெற்கில் எல்லாம் மேட்டு நிலம் என்று நினைக்க வேண்டாம். காலி வீதியை ஒட்டிய பகுதி பரவாயில்லை. அத்திட்டிய, பொருப்பனப் பக்கம் வெரஸ் கங்கையை நோக்கி இறங்கும் காணிகளில் இதே கதைதான். கடற்கரைப் பக்க ஃபிளட்களில் பிரச்சினை உப்புக்காற்று. ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கொண்டி, கேற் எல்லாம் வேகமாகத் துருப்பிடிக்கும். பல்கனியின் அடிப்புறத்தில் கொங்கிரீட் வெடித்துக் கம்பி தெரிந்தால், அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு நிதி எப்படி நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குப்பையிலும் இரண்டு பக்கமும் சமம்தான். குப்பை கொட்டும் இடம் வடக்கே கெரவலப்பிட்டி, தெற்கே கரதியான. காற்றடிக்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம்

தமிழ்மொழிமூலம் படிக்கிற பிள்ளை இருந்தால் தெற்குத்தான் இலகு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பள்ளிகள் அதே ரயில் பாதையில். இரத்மலானையிலேயே இந்துக் கல்லூரி உண்டு. வத்தளைப் பக்கம் தமிழ்மொழிமூலப் பள்ளிகள் குறைவு. உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் என்று வரும்போது பல பிள்ளைகள் கொட்டாஞ்சேனைக்கோ பம்பலப்பிட்டிக்கோதான் போகிறார்கள். பம்பலப்பிட்டி என்றால் காலை ஐந்தரைக்குப் பள்ளி வான் வந்துவிடும். டியூஷன் முடிந்து வீடு வர இருட்டிவிடும். ஆங்கிலமொழிமூல சர்வதேசப் பாடசாலை என்று முடிவெடுத்துவிட்ட குடும்பத்துக்கு இந்தப் பந்தியே தேவையில்லை. அவர்களுக்கு வத்தளையிலும் தெரிவு உண்டு.

அரச பள்ளியில் முதலாம் ஆண்டுக்குச் சேர்க்க, வதிவிடப் பிரிவில் வாக்காளர் இடாப்புப் பதிவையும் வீட்டு உரித்தையும் வருடக் கணக்கில் பார்ப்பார்கள். முழுப் புள்ளிக்கு ஐந்து வருடம். வீட்டுக்கும் விண்ணப்பிக்கிற பள்ளிக்கும் இடையில் அதைவிடக் கிட்டவாக வேறு பள்ளி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுப்படும். விண்ணப்பிக்கும்போது பல பிள்ளைகளுக்கு ஐந்து வயதுகூட நிறைந்திருக்காது. ஆக, ஐந்து வருடப் பதிவென்றால் பிள்ளை பிறக்க முன்னமே குடிபோயிருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோடு ‘நல்ல பள்ளிக்குக் கிட்ட’ என்று வீடு மாறுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தில் அவ்வப்போது மாற்றம் வரும். அந்த வருடத்துப் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல எதுவுமில்லை. வடக்குக்கு ராகமை, தெற்குக்குக் களுபோவிலை, இரண்டும் போதனா வைத்தியசாலைகள்.

காணியா, ஃபிளட்டா

ஒரே காசுக்குத் தெற்கில் ஃபிளட், வடக்கில் காணி என்று முடிவதே வழக்கம். 8 பேர்ச் என்றால் 2,178 சதுர அடி. காகிதத்தில் தாராளம். ஆனால் வீதிக்கோட்டுக்கும் (வீதிக்கு ஒதுக்கிய எல்லை) பின்புற வெளிக்கும் விட்டபிறகு கட்ட எவ்வளவு மிஞ்சும் என்று பிரதேச சபையிலோ நகர சபையிலோ வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். காணி உறுதியை நொத்தாரிசு 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேட வேண்டும். நில அளவைப் படத்தில் ஒழுங்கையின் அகலமும், அதில் உங்களுக்குப் பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பாவனையில் 12 அடி இருந்து படத்தில் 8 அடி என்றால் வங்கி படத்தைத்தான் நம்பும். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. நூறு இலட்சம் பெறுமதியான காணிக்கு 3,99,000 ரூபாய், நொத்தாரிசு கூலி வேறு. இதைக் கையில் வைக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

ஃபிளட்டில் கேட்க வேண்டிய முதல் காகிதம், கட்டடம் அனுமதித்த திட்டப்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ். அது இல்லாத கட்டடத்தில் தனி ஃபிளட்டுக்கான கொண்டோமினியம் உறுதி சிக்கும், கடனும் சிக்கும். ‘அடுத்த மாதம் வந்துவிடும்’ என்றால் அடுத்த மாதமே போய்ப் பாருங்கள்.

மகரகம, கொட்டாவைப் பக்கம் நிலம் பல இடங்களில் கபுக்கல் (செம்புறைக்கல்) மேடு, மலசலக் குழி ஒழுங்காக வேலை செய்யும். 138 பஸ் அடிக்கடி வரும். தெற்கு அதிவேகப் பாதையின் வாசலும் அங்கேயே. ஆனால் களனிவெளி ரயில் ஒற்றைத் தண்டவாளம், ஆமை வேகம். தமிழ்மொழிமூலப் பள்ளி தேடினால் நகரத்துக்கே திரும்ப வேண்டும். நுகேகொடை, பத்தரமுல்லையில் வேலை, பள்ளிப் பிள்ளை இல்லை என்றால் மூன்றிலும் இதுதான் நிம்மதி.

எங்கள் கணிப்பு: தமிழ்மொழிமூலப் பிள்ளை இருந்தால், வீடு சிறிதானாலும் இரத்மலானை வரைக்குள். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையில் கடையோ கட்டுநாயக்கவில் வேலையோ என்றால் வத்தளை, ஆனால் ஹெந்தளையின் பள்ளத்தில் அல்ல. எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன், மழை பெய்கிற ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த ஒழுங்கை வாசலிலிருந்து பள்ளிக்கும் அங்கிருந்து கந்தோருக்கும் பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது வீட்டுக்குள் போய் கொமட்டை ஒருமுறை ஃபிளஷ் பண்ணுங்கள்.