ஸ்ட்ராவா, தாடை ஜாய்ஸ்டிக்கா?

தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி4 மட்டத்தில் அடி. கை கால் அசையாது. தலை திரும்பும், வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விடுவான். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியான பவர் சேரை அவனே ஓட்ட முதலில் சிப் அண்ட் பஃப் போட்டோம். 8 மாதத்தில் தாடையால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கான சின் கன்ட்ரோலுக்கு மாறினோம்.

சிப் அண்ட் பஃப் என்றால் உதட்டருகே ஒரு ஸ்ட்ரா. பலமாக ஊதினால் சேர் முன்னே போகும், பலமாக உறிஞ்சினால் நிற்கும் அல்லது பின்னே வரும். மெல்ல ஊதினால் ஒரு பக்கம், மெல்ல உறிஞ்சினால் மறுபக்கம். வாய்க்குள் உண்டாகும் அழுத்தமே போதும் என்பதால் வென்டிலேட்டரில் இருப்பவரும் ஓட்டலாம். 1995இல் குதிரையிலிருந்து விழுந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் ஓட்டியது இப்படித்தான். சின் கன்ட்ரோலே மேல் என்பது என் கட்சி; கழுத்தே அசையாதவர்களிடம் அது எடுபடாது.

எங்களை மாற வைத்தது எச்சில். குழாய் வளையும் இடத்தில் ஈரம் தங்கிவிடும். பலமாக ஊதினால் சேர் கேட்கும், மெல்ல உறிஞ்சினால் கேட்காது. "அக்கா, குழாய்ல தண்ணி நிக்குது, திரும்ப மாட்டேங்குது" என்று சுவரைப் பார்த்தபடி நிற்பான். தினமும் ராத்திரி வெந்நீரில் அலசித் தொங்கவிடுவேன். ஐப்பசி மழையில் காலைவரை காயாது. ஒருநாள் காபி குடித்த கையோடு ஸ்ட்ராவை வாயில் வைத்தான், மறுநாள் குழாய்க்குள் எறும்பு வரிசை. குழாயில் எச்சிலைத் தடுக்கும் ஃபில்டரைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும்.

தாடைக்குக் கீழே நிற்கும் குட்டி ஜாய்ஸ்டிக்கில் இந்தப் பாடு இல்லை. ரப்பர் கிண்ணத்தை ஈரத்துணியால் துடைத்தால் சரி. கம்பி ஆடினால் ஒரு ஆலன் கீ போதும், தெருமுனை சைக்கிள் கடைக்காரரே முடுக்கிவிடுவார். லேசாகத் தள்ளினால் மெதுவாகவும் அழுத்தித் தள்ளினால் வேகமாகவும் போவதால் வாசல் சரிவில் பயமில்லை.

தொல்லை வேறு மாதிரி. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கும்போது உடம்பு இரண்டு விரல் சரிந்தாலும் தாடை எட்டாது. சரியான இடம் தெரிய கம்பியில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் கம்பியை ஒதுக்க ஓர் ஆள் வேண்டும். சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்பான்.

தலை சாய்க்கும் இடத்திலேயே சென்சார் வைத்த ஹெட் அரே முகத்துக்கு முன்னால் எதையும் நிறுத்தாது. பின்னால் சாய்ந்தால் முன்னே போகும். நாங்கள் ஓட்டிப் பார்த்தது அரைமணி நேரம்தான். அதற்குள் ஒரு இருமலில் தலை பின்னால் போக, சேர் பாய்ந்துவிட்டது. பழகினால் சரியாகுமோ என்னவோ.

நாக்கில் சிறு காந்தம் பொருத்தி ஓட்டும் முறையை ஜார்ஜியா டெக் குழு தண்டுவடக் காயமுள்ள 11 பேரிடம் சோதித்து 2013இல் வெளியிட்டது. அதே துல்லியத்தில் ஸ்ட்ராவைவிட மூன்று மடங்கு வேகம். படித்ததும் தம்பி கேட்டது, "அப்போ சாப்பிடறப்ப சேர் ஓடுமா?"

ஸ்ட்ரா செட்டை விற்கவில்லை. கழுத்து ஒத்துழைக்காத காலம் வந்தால் வேண்டியிருக்கும் என்று காயவைத்து டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.